தாய் இயந்திரம் என்னும் மயக்கம்

எந்த இயந்திரமும் தன்னிலும் திருத்தமான இன்னோர் இயந்திரத்தை ஆக்கமாட்டாது என்றொரு கூற்று கற்றோர் மத்தியிலே கேள்வியின்றி உலவி வருகின்றது. பெருமூலதனம் கொண்ட ஆலையொன்றிற் பிறந்த ‘தாய் இயந்திரம்’ முன்னதாக இருந்தாலன்றி வேறெந்த இயந்திரமும் தோன்றாது. ஆகவே அது இல்லாதோர் என்றென்றும் வாங்குவோராகவே இருத்தல் வேண்டும் என்பது அக்கூற்றிலிருந்து பெறப்படும் முடிபு. வீட்டுப் பின்புறத்துப் பட்டறையில் ஒருவர் தம் கையாலேயே மில்லிங் இயந்திரம் செய்தார் என்று சொன்னால், பொறியியற்பீடத்து நண்பர்கள் அதனை விளையாட்டுப் பொருள் என்பர். கலைப்பீடத்து நண்பர்களோ, அது எமது துறையன்று என்று ஒதுங்கிக்கொள்வர். இவ்விரு பதில்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதே எமது வாதம்.

முதலிற் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பட்டறைகளில் லேத் எனப்படும் கடைச்சல் இயந்திரத்திலே வேலைப்பொருள் சுழலும். வெட்டும் அலகு சுழலாது. மில்லிங் இயந்திரத்திலோ பல பற்களையுடைய வெட்டி சுழல, மேசைமீது பிணிக்கப்பட்ட உலோகத்துண்டு திருகாணிகளால் நகர்த்தப்படும். தட்டையான முகம், நீண்ட தவாளிப்பு, பற்சில்லின் பல் ஆகியவற்றை ஆக்குவது இதன் தொழில்.

ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரைச் சேர்ந்த டேவிட் ஜிஞ்சரி (1932–2004) என்பார், கழிவுலோகத்திலிருந்து ஒரு முழுப் பட்டறையை அமைத்துக்கொள்ளும் முறையை 1980களில் ஏழு சிறு நூல்களாக எழுதினார். முதலாவது நூல் கரியுலை பற்றியது. இரண்டாவது கடைச்சல் இயந்திரம். மூன்றாவது, ஒற்றை அலகு முன்னும் பின்னும் சென்று உலோகத்தைச் சீவும் ஷேப்பர். நான்காவதே மில்லிங் இயந்திரம். இவ்வரிசையே அவரது வாதம் எனலாம். மரத்தில் மாதிரி செய்து, அதனை ஈரமணலிற் பதித்து, உருக்கிய அலுமினியத்தை அப்பதிவில் வார்க்கவேண்டும். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். வார்ப்பிரும்புக்கு 1100 பாகைக்கு மேலும் வேண்டும். கரியுலைக்காரர் அலுமினியத்தை நாடுவதன் காரணம் இதுவே. பாதி முடிந்த கடைச்சல் இயந்திரத்தைக் கொண்டே அதன் எஞ்சிய உறுப்புகள் கடைந்து முடிக்கப்படுகின்றன. பின்னர் அதன் துணையோடு ஷேப்பரும், இவ்விரண்டின் துணையோடு மில்லிங் இயந்திரமும் உருவாகின்றன.

இங்கேதான் நம் அறிஞர் குறுக்கிடுவர்: ‘கோணலான கையால் செய்த முதற் பொருள் கோணலாகத்தானே இருக்கும்? அதிலிருந்து நேரானது எவ்வாறு பிறக்கும்?’ வினா நியாயமானது. அதற்குரிய விடையும் ஜிஞ்சரிக்கு நெடுங்காலம் முன்னரே கூறப்பட்டுவிட்டது.

இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லியின் பட்டறையில் வேலைசெய்த ஜோசப் விட்வர்த், 1840இல் கிளாஸ்கோவில் நடந்த பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில், மெய்யான சமதளத்தை ஆக்கும் முறை பற்றிக் கட்டுரை படித்தார். அம்முறைக்கு வேண்டியவை மூன்று இரும்புத் தட்டுகளும், சிறிது நிறப்பசையும், கையிலே ஒரு சுரண்டுகோலுமே. முதலாம் தட்டில் நிறத்தைப் பூசி இரண்டாம் தட்டோடு தேய்த்தால் மேடான இடங்களில் நிறம் ஒட்டும், அவ்விடங்களைச் சுரண்டவேண்டும். மீண்டும் தேய்த்து மீண்டும் சுரண்ட, ஈற்றில் இரண்டும் முற்றாகப் பொருந்தும். ஆனால் அப்பொருத்தத்தை நம்பலாகாது. ஒன்று சற்றே குவிந்தும் மற்றது அதே அளவு குழிந்தும் இருந்தாற்கூட அவை பொருந்தவே செய்யும். குவிந்த முதலாம் தட்டோடு மூன்றாவதையும் பொருத்தினால் அதுவும் குழிவாகும். இப்போது குழிந்த இரண்டையும், அதாவது இரண்டாவதையும் மூன்றாவதையும், ஒன்றன்மேலொன்று வைத்துப் பார்த்தாற் குட்டு வெளிப்பட்டுவிடும்: ஓரங்கள் மட்டுமே தொடும். மூன்றும் ஒன்றோடொன்று மாறிமாறிப் பொருந்தும் நிலை, மூன்றும் தட்டையாகும்போதே வாய்க்கும். (தட்டுகளைத் திருப்பி வைத்தும் பார்க்கவேண்டும், இல்லையேல் முறுக்கல் ஒளிந்திருக்கும்.)

இச்சமதளத்தின் தாய் யார்? மூன்று தட்டுகளுள் எதுவும் தொடக்கத்தில் தட்டையானதன்று. அவற்றினும் திருத்தமான நான்காவது பொருளெதுவும் அங்கே வரவில்லை. பிழையான மூன்றை ஒன்றையொன்று விசாரிக்க வைத்ததனாலேயே திருத்தம் பிறந்தது.

இதனை எமது துறையன்று என்போரிடம் ஒன்று கேட்கலாம். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவர் கையில் இருந்தவை எவை? செல்லரித்தும் எழுதுவோர் பிழை மலிந்தும் கிடந்த ஏடுகளே. ஏட்டோடு ஏட்டை ஒப்புநோக்கிப் பாடந்தேரும் பதிப்பாசிரியர், தாம் கண்ட எந்த ஏட்டினும் திருத்தமான நூலொன்றைத் தரவல்லார். ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த இரு ஏடுகள் ஒரே பிழையில் ஒத்திருக்கும் என்பதையும், வேறு வழியில் வந்த மூன்றாம் ஏடே அதனைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் மூலபாடத் திறனாய்வு கற்ற மாணவர் எவரும் அறிவர். விட்வர்த்தின் சுரண்டுகோலும் பதிப்பாசிரியரின் எழுதுகோலும் செய்வது ஒரே வேலை. ஒன்றை அறிவென்றும் மற்றதைக் கைவேலையென்றும் பிரித்து வைத்தது யார் என்பது சமூகவியலுக்குரிய கேள்வி.

வரலாற்றுத் துறையினருக்கும் இதிற் பங்குண்டு. மில்லிங் இயந்திரத்தை 1818இல் எலி விட்னி தனியொருவராகக் கண்டுபிடித்தார் என்பது நெடுங்காலம் பாடப்புத்தக உண்மையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஆய்வாளர் அதனைக் கடுமையாக ஐயுற்றனர். அது கனெற்றிக்கட் முதலான மாநிலங்களின் துப்பாக்கிப் பட்டறைகளிற் பலர் கைகளினூடாகப் படிப்படியாக உருப்பெற்றதென்பதே இன்று பொருந்துவது. அந்தக் கைகளிற் பெரும்பாலானவற்றின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. தாய் இயந்திரம் என்ற மயக்கத்துக்குத் தந்தை விட்னி என்ற மயக்கம் பொருத்தமான துணையே!

‘விளையாட்டுப் பொருள்’ என்போர் கூற்றில் ஓர் உண்மை உண்டு, அதனை மறைக்கவேண்டியதில்லை. உருக்கோடு ஒப்பிட அலுமினியத்தின் விறைப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. மில்லிங் வெட்டியின் ஒவ்வொரு பல்லும் உலோகத்தை விட்டுவிட்டு அறைவதால், சட்டகம் நெகிழ்ந்தால் வெட்டி அதிரும், வெட்டுமுகம் அலையலையாகும். ஆதலால் இவ்வியந்திரத்தில் மெல்லிய சீவல்களாகவே எடுக்க முடியும். ஆலையில் நிமிடங்களில் முடியும் வேலை மணிக்கணக்காகும். இது வேகத்தின் குறை. திருத்தத்தின் குறையென்று இதனைக் கொள்வதே தவறு.

மறுபுறத்தே, இம்முயற்சியைத் தனிமனித வீரகாவியமாகப் பாடுவோரும் உளர். அவர்களோடும் எமக்கு உடன்பாடில்லை. ஜிஞ்சரியின் உலையில் உருகிய பழைய உலோகம் எங்கிருந்து வந்தது? எங்கோ ஒரு சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தோரின் உழைப்பே அதில் உறைந்து கிடக்கின்றது. மின்மோட்டரும், நேரிய உருக்குச் சட்டங்களும், துளையலகுகளும் கடையில் வாங்கியவையே. மோட்டார் வண்டிகள் பெருகிய நாட்டிலேதான் கழிவும் அவ்வாறு குவியும். பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் யாழ்ப்பாணத்தார் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதைத் தற்சார்பின் பொற்காலமாகச் சித்திரிப்போரும் இதே தவற்றைச் செய்கின்றனர். கைத்திறன் மெய், ஆனால் தடையை எவரும் விரும்பி அழைக்கவில்லை.

எஞ்சியிருப்பது கூலிக் கணக்கு. சீனத்திலிருந்து வரும் சிறிய மில்லிங் இயந்திரத்தை இன்று வாங்கிவிடலாம். செலவிட்ட நாட்களுக்கு நாட்கூலி போட்டுப் பார்த்தாற் செய்வது நட்டம் என்பர். கணக்குச் சரியே. வாங்கிய இயந்திரத்தின் மேசை அங்குலத்தில் ஆயிரத்திலிரு பங்கு கோணியிருந்தால் வாங்கியவர் முறைப்பாட்டுக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். செய்தவர் நிறப்பசையைப் பூசிப் பார்த்துவிட்டுச் சுரண்டுகோலை எடுப்பார். இவ்வேறுபாட்டை ஐந்தொகையின் எந்த நிரலில் எழுதுவதென்று எமது பொருளியல் நண்பர்கள் சொல்லட்டும்.