பெரிய இன்டர்கூலர் வாங்கலாமா?

டீசல் வண்டி வைத்திருக்கும் வீடுகளில் இப்போது ஒரு புதுப் பேச்சு கேட்கிறது.

"வண்டிக்குப் பெரிய இன்டர்கூலர் போடப் போகிறேன். மெக்கானிக் வேண்டாம். வீட்டு வாசலிலேயே நானே மாட்டிவிடுவேன்!"

சொல்லுகிறவன் பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளை. கைப்பேசியில் படம் பார்த்திருக்கிறான். அப்பாவுக்கு இன்டர்கூலர் என்றால் பாதிதான் தெரியும். அம்மாவுக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். அந்த வண்டி ஓடினால்தான் மாதத் தவணை கட்ட முடியும்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் ஒரே வண்டியை நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. கல்யாணத்துக்கு ஆள் ஏற்றுவார்கள். சென்னை விமான நிலையத்துக்குப் போவார்கள். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் புறப்படுவார்கள். சோறு போடும் வண்டி அது. அதில் கை வைப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

பம்பு சுடுவது ஏன்?

சைக்கிளுக்குக் காற்று அடித்துப் பாருங்கள். பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும்.

டர்போவும் ஒரு பம்புதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் அது சுற்றும்! சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் ஆல்பிரட் பூச்சி என்பவர் 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற யோசனை இது.

அழுத்திய காற்று 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகிவிடும். சூடான காற்று விரியும். ஆகவே எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடை குறையும். அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். பார்ப்பதற்கு ரேடியேட்டரின் தம்பி போல இருக்கும். உள்ளே சூடான காற்று போகும். வெளியே எதிர்க்காற்று வீசும். அவ்வளவுதான்.

120 டிகிரிக் காற்றை 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அழுத்தம் மாறாமல் இருக்கும்போது, 100 பங்கு காற்று இருந்த இடத்தில் ஏறத்தாழ 118 பங்கு அடங்கும். இது கணக்கு. இதில் பொய் இல்லை.

இன்னோவாவின் கதை

2005-இல் இந்தியாவுக்கு வந்தது டொயோட்டா இன்னோவா. டாக்சிக்காரர்களின் செல்லப் பிள்ளை. அந்த முதல் இன்னோவாவின் இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சினில் டர்போ இருந்தது. இன்டர்கூலர் இல்லை! 102 குதிரைத் திறன்தான் கொடுத்தது. 2016-இல் அந்த வண்டியின் விற்பனை நின்றது. ஆனால் வாங்கியவர்கள் விட்டார்களா? இன்றும் ஓட்டுகிறார்கள்.

"கம்பெனி வைக்காததை நாம் வைத்தால் என்ன?" என்ற ஆசை இப்படிப்பட்ட வண்டிகளைப் பார்த்துத்தான் பிறக்கிறது. ஏற்கெனவே இன்டர்கூலர் உள்ள வண்டிக்காரருக்கோ, அதைவிடப் பெரியதாக மாட்ட ஆசை.

ஆசை தப்பில்லை. ஆனால் கம்பெனிக்காரன் மறந்துபோய் விட்டுவிட்டான் என்று நினைப்பதுதான் தப்பு. அந்த எஞ்சினுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு டீசல் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறான்.

ஊதுகுழலும் விறகும்

விறகு அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டை எரிகிறது. புகை வருகிறது. ஊதுகுழலால் ஊதினால் புகை குறைகிறது, தீ தெளிவாக எரிகிறது. ஆனால் ஊதிக்கொண்டே இருந்தால் இரண்டு கட்டை நான்கு கட்டையாகுமா? ஆகாது!

எஞ்சினும் அப்படித்தான். காற்றை மட்டும் கூட்டினால் புகை குறையலாம், எஞ்சினின் உள் சூடு தணியலாம். அது நல்லதுதான். ஆனால் இழுவை பெரிதாகக் கூடவேண்டுமானால் டீசலும் கூடவேண்டும். அதற்குக் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் கிளட்சு, கேஸ்கெட், கியர் பெட்டி எல்லாவற்றுக்கும் கூடுதல் சுமை. 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி அதைத் தாங்குமா? விற்கிற கடைக்காரர் பெட்டியின் அளவைச் சொல்லுவார். எஞ்சினின் வயதைக் கேட்கமாட்டார்.

பெட்டி பெரிதாவதிலும் தொல்லை உண்டு. பெரிய பெட்டியும் நீண்ட குழாயும் காற்றால் நிரம்பிய பிறகுதான் எஞ்சினுக்கு அழுத்தம் கிடைக்கும். மிதித்த உடனே கிடைக்க வேண்டிய இழுவை கொஞ்சம் தாமதமாக வரும். அது மட்டுமா? பெட்டியை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினால், ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அது மறைக்கும். இன்டர்கூலரைத் தொட்டுச் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குக் கிடைக்கும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நேராகப் போகிறது நான்கு வழிச் சாலை. வழியில் மலை உண்டா? ஏற்றம் உண்டா? சமவெளி! இந்தச் சாலையில் எஞ்சினுக்குக் கஷ்டம் வருவது ஓடும்போது அல்ல, நிற்கும்போது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விக்கிரவாண்டி சுங்கச் சாவடியில் வரிசையில் நிற்கிறதே வண்டி, அப்போதுதான். எதிர்க்காற்று இல்லை. ஏ.சி. ஓடுகிறது. அந்த நேரத்தில் இன்டர்கூலர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயன் இல்லை. ரேடியேட்டரை மறைத்துக்கொண்டு நிற்கும்!

வருஷத்தில் பத்து நாள் மலை ஏறுவதற்காக, மற்ற நாளெல்லாம் இந்தச் சங்கடம் தேவைதானா?

சட்டம் என்ன சொல்லுகிறது?

தயாரித்தவர் முதலில் குறித்த விவரத்துக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் வித்தியாசம் வரும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"இன்டர்கூலர் என்ற பெயரே ஆர்.சி. புத்தகத்தில் இல்லையே!" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. சாமர்த்தியமான பேச்சுத்தான். ஆனால் புகை அளவுக்கும் திறனுக்கும் அரசாங்கம் ஒப்புதல் கொடுத்தது கம்பெனி செய்த எஞ்சினுக்கு. விபத்து நடந்து இன்சூரன்சுக்காரர் வந்து பார்க்கும்போது இந்தச் சாமர்த்தியம் உதவுமா? டி.என். 16 வண்டியானால் திண்டிவனம், டி.என். 32 ஆனால் விழுப்புரம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு அல்ல, வாங்குவதற்கு முன்!

வாசலில் நடக்கும் விபரீதம்

மாட்டுவது ஸ்பானர் வேலைதானே என்று நினைப்பார்கள். இல்லை. குழாயை அறுத்தால் அலுமினியத் துகள் உள்ளே விழும். தூசி போகக்கூடாது என்று குழாய் வாயில் துணியைச் செருகுவார்கள். மாட்டி முடித்த சந்தோஷத்தில் துணியை எடுக்க மறந்துவிடுவார்கள்! எஞ்சினுக்குள் எது போனாலும் செலவு ஆயிரத்தில் அடங்காது. வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது இன்னும் பெரிய ஆபத்து. ஜாக்கி நழுவினால் உயிர் போகும். ஸ்டாண்டு கொடுக்காமல் யாரும் அடியில் போகக்கூடாது.

எண்ணெய் விஷயம் ஒன்று உண்டு. பழைய டர்போ எண்ணெய் கசியும். அது இன்டர்கூலரின் அடியில் தேங்கும். லேசான பிசுக்கு இருந்தால் பயம் இல்லை. கவிழ்த்தால் அரை டம்ளர் ஊற்றுகிறதா? டர்போவையோ, எஞ்சின் மூச்சுக் குழாயையோ உடனே பார்க்க வேண்டும். டீசல் எஞ்சின் தன் சொந்த எண்ணெயையே குடித்துக்கொண்டு தறிகெட்டு ஓடக்கூடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீசல்தான் நிற்கும், எண்ணெய் நிற்காதே! எண்ணெய் கக்கும் டர்போவை வைத்துக்கொண்டு புது இன்டர்கூலர் வாங்குவது, ஓட்டைக் குடத்துக்குப் பித்தளை மூடி வாங்குவது போலத்தான்.

முதலில் செய்ய வேண்டிய வேலை

"வண்டி இழுக்கவில்லை" என்று புகார் சொல்லும் வண்டிகளில் குற்றவாளி பல நேரம் ஒரு ரப்பர் ஹோஸ்தான். வெடித்திருக்கும். அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். அழுத்திய காற்று வழியிலேயே ஓடிவிடும். கறுப்புப் புகை வரும், மிதித்தால் 'உஸ்' என்று சத்தம் கேட்கும். காற்றுக் குழாயை மூடி, குறைந்த அழுத்தத்தில் காற்று விட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கும் அதே வித்தைதான். நல்ல பட்டறையில் இதைச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள்.

பிள்ளைக்குக் கை துறுதுறுக்கிறதா? அவனுக்கும் வேலை இருக்கிறது. கரும்பு வண்டியும் மண் லாரியும் போகிற ரோட்டில் ஓடிய இன்டர்கூலரின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செம்மண், பூச்சி, சோகைத் தூள் எல்லாம் அப்பியிருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மெல்லிய தண்ணீர்த் தாரையால் கழுவட்டும். வேகமாகப் பீய்ச்சினால் அலுமினியத் தகடு மடங்கிவிடும். உட்பக்கத்தைக் கழுவுவது பட்டறை வேலை. உள்ளே மண்ணெண்ணெய் கொஞ்சம் தங்கினாலும் எஞ்சின் அதையும் உறிஞ்சிக்கொள்ளும்.

ஏர் பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். அடைத்திருந்தால் மாற்றட்டும். கிளிப்புகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்க்கட்டும். பிறகு அப்பாவை உட்காரவைத்துச் செஞ்சி ரோட்டில் ஒரு நடை ஓட்டிக் காட்டட்டும். அப்புறமும் வண்டி இழுக்கவில்லை என்றால், பெரிய இன்டர்கூலர் பேச்சை அப்போது எடுக்கலாம்.