பழைய பிளேஸ்டேஷனும் புதிய டிவியும்

போன வாரம் சுபாங் ஜெயாவில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஓர் அட்டைப்பெட்டி, பழைய பேப்பர் லாரிக்காகக் காத்திருந்தது. மேலே நாளிதழ்கள், அடியில் ஒரு பிளேஸ்டேஷன் 2.

"புது டிவியில வரமாட்டேங்குது. செத்துப் போச்சு," என்றார் நண்பர். அவருடைய தம்பி முகம் வாடி நின்றார். பள்ளி நாளில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடிய கால்பந்து லீக் முழுவதும் அதன் மெமரி கார்டில் இருக்கிறதாம்.

மின்சாரம் கொடுத்துப் பார்த்தோம். சிவப்பு விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தியதும் பச்சையாக மாறியது. வட்டும் சுழன்றது. கன்சோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2000 மார்ச்சில். எச்டிஎம்ஐ முறை அறிவிக்கப்பட்டதே 2002 டிசம்பரில்தான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை பிளக்குகளை இந்த டிவியில் எங்கே சொருகுவது என்பதுதான் கேள்வி.

முதலில் டிவியின் பின்புறத்தைப் பாருங்கள். மூன்று துளைகள் இல்லாவிட்டாலும், 'ஏவி' என்று எழுதிய 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கலாம். டிவி பெட்டியோடு வந்த சிறு கேபிள் அதற்குத்தான். வேறு கேபிளைப் போட்டால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கக்கூடும். படம் வராவிட்டால் மஞ்சள் பிளக்கைச் சிவப்பிலோ வெள்ளையிலோ மாற்றிச் சொருகிப் பாருங்கள். சில டிவிகளில் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் பொது.

படம் வந்து வண்ணம் வராவிட்டால் பயப்பட வேண்டாம். நம் நாட்டு அனலாக் ஒளிபரப்பு பால் முறை. இங்கே விற்ற பல கன்சோல்கள் என்டிஎஸ்சி முறை. டிவியின் வண்ண அமைப்பை 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள்.

நண்பரின் டிவியில் எச்டிஎம்ஐ தவிர வேறு எதுவும் இல்லை. அதற்கு மாற்றிப் பெட்டி வேண்டும். லோ யாட் போன்ற இடங்களில் இரண்டு வகை கிடைக்கும்; பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 'ஏவி உள்ளே, எச்டிஎம்ஐ வெளியே' என்று கேட்டு வாங்குங்கள். நண்பர் ஏற்கெனவே ஒன்று வாங்கி வைத்திருந்தார், எதிர்த்திசைப் பெட்டி! கன்சோல் 'செத்துப்போன' கதை அதுதான்.

இன்னும் தெளிவான படம் வேண்டுமென்றால் பச்சை, நீலம், சிவப்பு கம்போனென்ட் கேபிள் வாங்கலாம். டிவியிலோ மாற்றிப் பெட்டியிலோ அதற்கான துளைகள் இருக்க வேண்டும். கேபிளை மாற்றும் முன்பே, மஞ்சள் கேபிளில் படம் தெரியும்போதே, பிளேஸ்டேஷனின் அமைப்புப் பக்கத்தில் 'கம்போனென்ட்' பகுதியை ஆர்ஜிபி-யிலிருந்து ஒய் என்று தொடங்கும் தேர்வுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நிறம் கெட்டுப்போன திரையைப் பார்த்துக்கொண்டு மெனுவைத் தேட வேண்டியிருக்கும்.

பொத்தானை அழுத்திய பிறகு ஆட்டக்காரர் தாமதமாக ஓடுகிறாரா? அது டிவி படத்தை மெருகேற்ற எடுக்கும் நேரம். 'கேம் மோட்' போடுங்கள். திரை விகிதத்தை 4:3 ஆக்குங்கள். ஆட்டக்காரர்கள் குண்டாகத் தெரிய மாட்டார்கள்.

மைக்ரோ ஜீனியஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-இல் முழுமையாக நின்றது. நின்றது ஒளிபரப்புதான், உங்கள் டிவிக்குள் அனலாக் டியூனர் இருந்தால், ஆன்டெனா துளையில் சொருகி அனலாக் சேனலைத் தேடினால் அது இன்னும் வரும். வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் வேலை செய்யாது. அதற்குப் பழைய குண்டு டிவியே வேண்டும்.

சரியான பெட்டியை வாங்கி வந்து மாட்டினோம். மெமரி கார்டில் லீக் அப்படியே இருந்தது. தம்பி பாதியில் விட்டிருந்த ஆட்டத்தைத் தொடங்கினார். லாரி வந்தபோது எழுந்து போக ஆளில்லை. நாளிதழ்களை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.