சலுகை விலை டிக்கெட்டில் கரையும் மைல் புள்ளிகள்: சித்தூர், திருப்பதி பயணிகள் கவனிக்க வேண்டிய ஓர் எழுத்து

திருப்பதி: ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையத்தில் 2015ஆம் ஆண்டு அக்டோபரில் புதிய முனையம் திறக்கப்பட்டது. சர்வதேச விமான நிலையம் என்ற தகுதியும் பின்னர் கிடைத்தது. எனினும் வெளிநாட்டுச் சேவைகள் இங்கு வேரூன்றவில்லை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இருந்து சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ செல்வோர் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களின் வழியாகவே பறக்கின்றனர்.

இத்தகைய பயணங்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு, மூன்று நிறுவனங்களின் விமானங்கள் இடம்பெறுவது வழக்கம். ஒரு நிறுவனத்தின் திட்டத்தில் உறுப்பினராக இருப்பவர், அதன் கூட்டாளி நிறுவனத்தில் சலுகை விலையில் டிக்கெட் வாங்குகிறார். பறந்த தூரம் முழுவதற்கும் மைல் புள்ளிகள் சேரும் என்பது அவரது எதிர்பார்ப்பு. ஊர் திரும்பிய பின்னர் கணக்கைப் பார்த்தால் பாதியோ கால் பங்கோதான் வந்திருக்கும். சில வேளைகளில் ஒன்றுமே வந்திருக்காது.

தீர்மானிப்பது எது?

இதற்குக் காரணம், டிக்கெட்டில் அச்சிடப்படும் ஓர் ஆங்கில எழுத்து. சாதாரண வகுப்பில் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்திருக்கும் இருவரின் கட்டணப் பிரிவு வேறு வேறாக இருக்கலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எழுத்து உண்டு. முழுக் கட்டணப் பிரிவுக்கு 100 சதவீதம் அல்லது அதற்கு மேலும், மலிவான பிரிவுகளுக்கு 50, 25 சதவீதமும், மிக மலிவானவற்றுக்குப் பூஜ்யமும் எனத் திட்டங்கள் வகைப்படுத்துகின்றன. சென்னையில் இருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 1,800 மைல். முழு அளவில் 1,800 புள்ளிகள் கிடைக்கும் இடத்தில், 25 சதவீதப் பிரிவில் 450 மட்டுமே சேரும்.

இதில் வணிகக் கணக்கு ஒன்று உள்ளது. உறுப்பினருக்கு வழங்கப்படும் புள்ளிகளுக்கு, அவரைச் சுமந்து சென்ற நிறுவனம் திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் பணம் செலுத்துகிறது. மலிவான டிக்கெட்டில் அந்தச் செலவை ஏற்க நிறுவனங்கள் விரும்புவதில்லை.

மாறிவரும் விதிகள்

1981ஆம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தனது திட்டத்தைத் தொடங்கியபோது, பறந்த தூரமே அளவுகோலாக இருந்தது. 2015இல் டெல்டா, யுனைடெட் நிறுவனங்களும், 2016இல் அமெரிக்கன் நிறுவனமும் செலவிட்ட தொகையை அளவுகோலாக்கின. 2014இல் ஸ்டார் அலையன்ஸ் கூட்டமைப்பில் இணைந்த ஏர் இந்தியாவும் 2024 ஏப்ரலில் இதே வழிக்கு மாறியது. அதே ஆண்டு நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்ததால், அதன் உறுப்பினர்களின் கணக்குகளும் ஒன்றாயின. எந்தக் கூட்டமைப்பிலும் சேராத இண்டிகோவும் 2024இல் தனக்கெனப் புள்ளித் திட்டத்தை அறிவித்தது.

ஆனால் கூட்டாளி நிறுவனம் விற்கும் டிக்கெட்டுகளுக்குப் பல திட்டங்களில் தூரமும் கட்டண எழுத்துமே இன்றும் அளவுகோல். இந்த இரட்டை முறையே குழப்பத்தின் வேர்.

பயணிகள் செய்யக்கூடியவை

டிக்கெட் வாங்கும் முன் கட்டண எழுத்தை அறிந்து, திட்டத்தின் இணையதளத்தில் அந்தக் கூட்டாளி நிறுவனத்துக்கான பட்டியலுடன் ஒப்பிட வேண்டும். ஒரு திட்டத்தில் பூஜ்யம் தரும் எழுத்து, அதே கூட்டமைப்பின் வேறொரு திட்டத்தில் பாதிப் புள்ளிகளைத் தரக்கூடும். ஆகவே உறுப்பினர் எண்ணை விமானம் ஏறும் முன்பே தேர்ந்து பதிவு செய்வது நல்லது. ஒருமுறை சேர்ந்த புள்ளிகளைப் பொதுவாக வேறு திட்டத்துக்கு மாற்ற இயலாது. ஒரு நிறுவனத்தின் எண்ணில் விற்கப்பட்டு மற்றொன்று இயக்கும் விமானம் எனில், இரண்டின் விதிகளையும் பார்க்க வேண்டும். விடுபட்ட புள்ளிகளைக் கோர போர்டிங் பாஸ் தேவைப்படும் என்பதால், அதைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

எனினும் பொறுப்பு முழுவதையும் பயணியின் தோளில் சுமத்துவது நியாயமாகாது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 செப்டம்பரில் அந்நாட்டின் 4 பெரிய நிறுவனங்களின் புள்ளித் திட்டங்கள் குறித்து விசாரணையைத் தொடங்கியது. இந்தியாவில் நியாயமற்ற ஒப்பந்தங்களைக் கேள்விக்கு உட்படுத்தும் வழியை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் திறந்துள்ளது. உடைமை எடை வரம்பு டிக்கெட்டில் காட்டப்படுவது போல, சேரும் புள்ளிகளின் அளவும் பணம் செலுத்தும் முன்பே காட்டப்பட வேண்டும். விலை குறைவு என்பதற்காக எதை இழக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் அது பயணியின் தேர்வு. தெரியாமல் வாங்கினால் அது ஏமாற்றம்.