உக்கிராணச் சாவியும் ஏரிக் கணக்கும்

கல்யாண வீட்டில் உக்கிராண அறையின் சாவியை ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அவர் கையில் இருக்கும், எதுவும் அவருடையதல்ல. பந்தல் பிரித்த பின் வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் அவர் சொல்லியாக வேண்டும். கிறிஸ்தவ வேதம் மனிதனை இந்த உக்கிராணக்காரன் இடத்தில்தான் வைக்கிறது. லூக்கா சுவிசேஷம் 16-ஆம் அதிகாரக் கதையில், உக்கிராணக்காரன் பொருளை வீணடிக்கிறான் என்று புகார் வந்ததும் எஜமான் கேட்பது கணக்கைத்தான்.

பூமி கடவுளுடையது, மனிதன் காவலன் என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் கணக்கை விட்டுவிட்டுக் காவலைப் பற்றி மட்டும் பேசினால் வயலுக்கு ஒரு பயனும் இல்லை.

கணக்கின் அருமையை உத்திரமேரூர் வட்டார விவசாயிகளுக்கு வெளியூரார் வந்து போதிக்க வேண்டியதில்லை. ஊர் நடுவே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலேயே அது இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அவை. 30 குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்து வாரியங்கள் அமைத்தார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவனோடு விடவில்லை, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயர்களும் கூடாது! வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற இவ்வூர் ஏரிக்கு, ஆண்டுதோறும் தூர் எடுக்கவென்றே சபையிடம் பொன் கொடுத்து வைத்திருந்ததையும் பழைய கல்வெட்டுகள் கூறுகின்றன.

அந்தச் சபை வேதம் கற்ற நிலக்காரர்களின் சபை. ஏரிக்கு மண் சுமந்தவர்களுக்கும் சேற்றில் நாற்று நட்டவர்களுக்கும் அதில் இடமில்லை. இதை மறைத்துப் பெருமை பேசுவது சரியல்ல.

அந்த உழைப்பாளிகளுக்கு நிலம் வேண்டும் என்ற பேச்சு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் எழ வேண்டியிருந்தது. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரிமார்கள் அவர்களுடைய நிலையை எடுத்துரைத்தார்கள். 1891-ல் கலெக்டர் டிரெமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892-ல் அரசு ஆணை வந்தது. அதன்படி வழங்கிய பஞ்சமி நிலத்தை 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் கைமாற்றக் கூடாது. பிறகும் அவ்வகுப்பாருக்குள்ளேயே மாற்றலாம். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்திலும் நிலத்தை அறுதியாக விற்கக் கூடாது என்ற விதி உண்டு. விதி இருந்தும் ஏராளமான பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போய்விட்டது. 1994-ல் காரணை நில மீட்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். யாருக்குக் கொடுத்த நிலம் இன்று யாரிடம் இருக்கிறது என்று ஊர்தோறும் கணக்குப் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

இன்றைக்கு அதைவிட வேகமாகக் கைநழுவுவது நிலத்தடி நீர். தன் நிலத்துக்குக் கீழே உள்ள நீர் தனக்கே என்ற எண்ணம் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்ட காலத்திலிருந்தே ஊறிப்போயிருக்கிறது. சர்வே கல் மேலே இருக்கிறது. அடியில் ஓடும் நீருக்கு அது தெரியாது. வசதியுள்ளவர் ஆழமாகப் போர் போட்டால், பக்கத்தில் அரை ஏக்கர் வைத்திருப்பவரின் கிணறு வற்றுகிறது. அவரும் கடன் வாங்கிப் போர் போடுகிறார். தண்ணீர் வராவிட்டாலும் வட்டி வந்துவிடும்.

1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட் மின்சாரம் இலவசம். இது சிறு விவசாயியைத் தாங்கிய உதவி; குறை சொல்வதற்கில்லை. ஆனால் மீட்டர் இல்லாத மோட்டார் எத்தனை மணி ஓடியது என்பது மின்வாரியத்துக்கும் தெரியாது, சொந்தக்காரருக்கும் தெரியாது. மீட்டர் என்றாலே விவசாயி பயப்படுவது நியாயம்தான். மீட்டர் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மோட்டார் போட்ட நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் எழுதி வைக்கலாம். மாதப் பிறப்பன்று கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று குறிக்கலாம். நெல் வயலில் எப்போதும் நீர் தேங்கி நிற்க வேண்டியதில்லை. கட்டிய நீர் மறைந்த மறுநாள் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும் என்பதே வேளாண் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. அப்படிச் செய்த போகத்தில் எத்தனை மணி நேரம் மிச்சமானது என்பதை நோட்டே காட்டிக் கொடுக்கும்.

ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க 2017 முதல் அரசு அனுமதிக்கிறது. எத்தனை டிராக்டர் லோடு யார் வயலுக்குப் போனது, எத்தனை லோடு செங்கல் சூளைக்குப் போனது என்று எழுதி, மதகின் அருகே ஆயக்கட்டுக்காரர் அனைவரும் படிக்கும்படி ஒரு பலகையில் வைக்கட்டும். நட்டவரும் களை எடுத்தவரும் அதைப் படிக்கட்டும். கணக்குக் காட்ட மறுப்பவரை அடுத்த ஆண்டு சங்கத்தில் சேர்ப்பதா என்பதை, பலகையைப் பார்த்தவர்களே தீர்மானிக்கலாம்.