மைன்கிராஃப்ட் கோட்டையைக் காப்பாற்ற

கம்ப்யூட்டர் தகராறு செய்கிறது என்று சி டிரைவை அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போடுகிறார் அப்பா. மைன்கிராஃப்டையும் மறுபடி இறக்கிவிடலாம். மகன் மாதக்கணக்கில் கட்டிய கோட்டைதான் திரும்பி வராது.

2011-ல் முழு வடிவில் வெளியான இந்த விளையாட்டின் ஜாவா பதிப்பு, ஆட்டக்காரர் உருவாக்கும் உலகங்களை சி டிரைவில்தான் வைக்கிறது. 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள் 'ரோமிங்', அதற்குள் முன்னால் புள்ளி வைத்த 'மைன்கிராஃப்ட்', அதற்குள் 'சேவ்ஸ்'. ஆப்டேட்டா சாதாரணமாகக் கண்ணில் படாத ஃபோல்டர். சுலப வழி உண்டு. விளையாட்டில் உலகத்தைத் தேர்ந்தெடுத்து 'எடிட்' போனால், 'ஓப்பன் வேர்ல்ட் ஃபோல்டர்' என்ற பட்டன் நேராக அங்கே கொண்டுபோகும்.

இடத்தை மாற்ற, லாஞ்சரின் 'இன்ஸ்டலேஷன்ஸ்' பகுதியில் 'எடிட்' கொடுத்து, 'கேம் டைரக்டரி'யில் டி டிரைவைக் காட்டலாம். விலாசம்தான் மாறும், சாமான்கள் தானாகக் குடிபெயராது. உலகங்களின் பட்டியல் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். எல்லாம் பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும். விளையாட்டை மூடிவிட்டு, சேவ்ஸ் ஃபோல்டரை முழுதாகப் புது இடத்துக்கு காப்பி செய்ய வேண்டும். அங்கே உலகம் சரியாகத் திறப்பதைப் பார்த்த பிறகே பழையதை அழிக்கலாம்.

சி, டி இரண்டும் ஒரே ஹார்டு டிஸ்கின் பகுதிகளாக இருந்தால், டிஸ்க் பழுதாகும்போது இரண்டுமே போகும். பென் டிரைவில் இன்னொரு காப்பி அவசியம்.