எனக்கென்று ஒரு மணித்தியாலம்



இப்பகுதியில் வழக்கமாகச் சமையலறையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் எழுதி வருகிறேன். இம்மாதம் என் கால்களைப் பற்றி எழுதப் போகிறேன். 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொழும்பு வீதிகளில் 21 கிலோமீற்றர் தூரம் ஓடி முடித்தேன். மரதன் ஓட்டம் 42.195 கிலோமீற்றர். அதில் பாதியை அரை மரதன் என்கிறார்கள்.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. மூன்று பிள்ளைகளின் தாய். பாடசாலைக் காலத்தில் விளையாட்டுப் போட்டி நாளன்று வயிற்று வலி என்று சொல்லி வீட்டில் நின்றவள். "உங்களுக்கு இது என்னத்துக்கு?" என்று பல சகோதரிகள் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கான பதில்தான் இது.

கதை என் உம்மாவிடமிருந்து தொடங்குகிறது. உம்மாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்குக்குப் போகும் போதெல்லாம் டொக்டர் மருந்தை எழுதிவிட்டு, "ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடக்க வேணும்" என்பார். உம்மா தலையை ஆட்டிவிட்டு வருவார். ஆனால் ஒரு நாளும் நடந்ததில்லை. "கைய வீசிக்கிட்டு ரோட்டுல நடக்க எனக்கு வெக்கம் மகள். பாக்குற ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" என்பார். நாங்களும் வற்புறுத்தவில்லை. வீட்டில் அவருக்கு வேலை குறைவா என்ன, அதுவே போதும் என்று நினைத்துக் கொண்டோம்.

2023 ஏப்ரலில் செருப்புக்குள் கிடந்த ஒரு சிறு கல் உம்மாவின் வலது கால் சிறு விரலைக் காயப்படுத்தியது. நெடுங்காலச் சீனி வருத்தத்தால் பாதத்து நரம்புகள் மரத்துப் போயிருந்தன. அதனால் அவருக்கு வலி தெரியவில்லை. நான்கு நாட்கள் கழித்து, புண்ணிலிருந்து வாடை வந்த பிறகுதான் நாங்கள் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கிழமையே நானும் இரத்தம் சோதித்துப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 112 இருந்தது. அது 100க்குக் கீழே இருக்க வேண்டும். 126ஐ எட்டினால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் நடுவில் நின்று கொண்டிருந்தேன். உம்மா போன பாதையில் நானும் பாதி தூரம் வந்துவிட்டேன் என்று விளங்கியது.

அன்றிரவு என் கணவரிடம் ஒன்று கேட்டேன். காலையில் ஒரு மணித்தியாலம் எனக்கு வேண்டும் என்றேன். கலியாணம் முடித்துப் பத்தொன்பது வருடத்தில் எனக்கென்று நேரம் கேட்டது அதுவே முதல் தடவை. அவர் சற்று நேரம் யோசித்தார். "அப்ப பிள்ளைகளின் காலைச் சாப்பாடு?" என்றார். "தேங்காயை இரவே துருவி வைக்கிறேன். தேத்தண்ணி ஊற்றுவது உங்கள் பொறுப்பு" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒத்துக் கொண்டார். முதல் கிழமை தேத்தண்ணி கசந்தது. பிறகு பழகிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே! 21 கிலோமீற்றர் ஓடுவதை விட அந்த ஒரு கேள்வியைக் கேட்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சுபஹ் தொழுதுவிட்டு, அடுத்த வீட்டு ராத்தாவையும் துணைக்கு அழைத்துக் கொண்டு வெளியே இறங்கினேன். நீண்ட கைச் சட்டை, தளர்வான காற்சட்டை, அதன் மேல் முழங்காலுக்குக் கீழ் வரும் மேலங்கி. முதல் நாள் மூன்றாவது விளக்குக் கம்பத்தை எட்டும் முன்பே மூச்சு முட்டியது. ஆகவே ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று வைத்துக் கொண்டோம். கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம். இரண்டு மாதத்தில் பத்து நிமிடம் நிற்காமல் ஓட முடிந்தது. ஆறு மாதத்தில் 5 கிலோமீற்றர். அடுத்த சோதனையில் 112 என்பது 98 ஆகியிருந்தது. சீனி போடாத தேத்தண்ணிக்கும் குறைத்த சோற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

பேச்சுகளும் வரத்தான் செய்தன. ஒரு கலியாண வீட்டில், "பொம்புளப் புள்ள ரோட்டுல ஓடுறது மார்க்கத்துல சரியா?" என்று ஒரு மாமி நேராகவே கேட்டார். ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த செய்தியை அவருக்குச் சொன்னேன். அபூதாவூதில் பதிவான செய்தி அது. ஒரு பயணத்தில் ஓடிய போது ஆயிஷா (ரழி) முந்தினார்கள். பிற்காலத்தில் அவர்களின் உடல் பருத்த பின் மீண்டும் ஓடினார்கள். அப்போது நபியவர்கள் முந்தி, அன்று தோற்றதற்கு இது பதில் என்று சொன்னார்கள். தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டே ஓடினார்கள் என்பதும் அறிவிப்பில் வருகிறது. அந்த ஒதுக்கத்தையும் நாம் கவனிக்க வேண்டும். ஆகவே உடையையும் நேரத்தையும் இடத்தையும் பார்த்துக் கொள்வது நம் கடமை. வீதி சரிவராதென்றால் வீட்டு முற்றம் இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது, பெண்கள் பாடசாலை மைதானம் இருக்கிறது. உம்மாவின் விரலை எடுத்த செய்தியையும் அந்த மாமிக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை.

பெண்ணால் நீண்ட தூரம் ஓட முடியாது என்ற எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீற்றர் ஓட்டம் வைத்தார்கள். பெண்களின் உடலுக்கு அது தாங்காது என்று சொல்லி அதற்குப் பிறகு நீக்கிவிட்டார்கள். 1960இல்தான் அது திரும்பவும் வந்தது. பெண்களுக்கான மரதன் 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸில்தான் முதன்முதலில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அதே போட்டியில் மொரோக்கோ நாட்டு நவால் அல் முத்தவக்கில் 400 மீற்றர் தடை தாண்டலில் தங்கம் வென்றார்.

2024 ஓகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் மரதனில் சிஃபான் ஹஸன் வென்றதை என் மகள் எனக்குக் காட்டினாள். எத்தியோப்பியாவில் பிறந்து நெதர்லாந்துக்காக ஓடும் முஸ்லிம் பெண் அவர். 2 மணி 22 நிமிடம் 55 வினாடி என்ற ஒலிம்பிக் சாதனை நேரத்தில் ஓடி முடித்தார். பதக்கம் வாங்க ஹிஜாப் அணிந்து வந்து நின்றார். "உம்மா, நீங்களும் எழுதிக் குடுங்களேன்" என்றாள் மகள். "நான் ஏற்கனவே எழுதிக் குடுத்தாச்சு மகள்" என்றேன். வீட்டில் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை!

அந்த வருட றமழானில் தூர ஓட்டத்தை முழுக்க நிறுத்தி, நோன்பு திறக்க முன் இருபது நிமிட நடையோடு நின்றிருந்தேன். பெருநாளுக்குப் பிறகு மீண்டும் 5 கிலோமீற்றருக்கு வந்து, ஜூலையிலிருந்து பதினான்கு கிழமை பயிற்சி செய்தேன். மூன்று நாள் சிறிய ஓட்டம், ஞாயிறு மட்டும் நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டம் 7 கிலோமீற்றரில் தொடங்கி, கிழமைக்கு ஒரு கிலோமீற்றர் போல் கூடி, 17 வரை போனது. களைப்புக் கூடும் கிழமையில் தூரத்தைக் குறைத்தேன். கடைசி இரண்டு கிழமை பாதியாகக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுத்தேன். பக்கத்தில் வருபவரோடு கதைத்துக் கொண்டு ஓட முடிய வேண்டும். கதைக்க முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஓட்ட நாளன்று சுபஹ் தொழுதுவிட்டு வரிசையில் நின்றேன். இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டிருந்தேன். விசில் ஊதியதும் சனம் பாய்ந்தது. நானும் பாய்ந்தேன். கிலோமீற்றருக்கு எட்டு நிமிடம் என்று மூன்று மாதம் பழகிய கால்கள் ஏழு நிமிடத்தில் போயின. முதல் 5 கிலோமீற்றர் 35 நிமிடம். மனதுக்குள் ஒரே பெருமை. "இவ்வளவுதானா!" என்று நினைத்தேன்.

அந்தப் பெருமைக்கு 16ஆவது கிலோமீற்றரில் விலை கொடுத்தேன். வெயில் ஏறிவிட்டது. கொழும்பின் ஈரக் காற்றில் வியர்வை காய்வதில்லை. தலையில் கட்டியிருந்த பருத்தித் துணி நனைந்து பாரமாகிவிட்டது. பின்னங்கால் தசை பிடித்து இழுத்தது. ஓரமாக நின்று, போதும், வீட்டுக்குப் போவோம் என்று முடிவு செய்தேன்.

அப்போது ஒரு சிங்கள அம்மா என்னருகே வந்தார். அறுபது வயது இருக்கும். ஆமை நடை போல் ஓடி வந்தவர், என்னைப் பார்த்து, "ஹெமிங், ஹெமிங் யமு" என்றார். மெதுவாக, மெதுவாகப் போவோம் என்று அர்த்தம். தொடக்கத்தில் நான் முந்திக் கொண்டு வந்த ஆட்களில் அவரும் ஒருவர். இப்போது அவர்தான் எனக்கு வழிகாட்டி. இரண்டு பேரும் ஐந்து நிமிடம் நடந்தோம். தண்ணீர் மேசையில் உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் குடித்தேன். பிறகு இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று போனோம். முதல் நாள் விளக்குக் கம்பத்தடியில் படித்த அதே பாடம்.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, சிறிதானாலும் விடாமல் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற கருத்தில் வரும் ஹதீஸை நாம் எத்தனையோ முறை பயானில் கேட்டிருக்கிறோம். அதை என் கால்கள் விளங்கிக் கொண்டது அன்றுதான்.

2 மணி 58 நிமிடத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டினேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் சொற்பம். கணவரும் பிள்ளைகளும் இளநீரோடு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்த போது உம்மா கதிரையில் இருந்தார். பதக்கத்தை மகள் நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. "சப்பாத்தக் கழத்து மகள், கால காட்டு" என்றார். என் பாதத்தை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. "இது நோவுதா?" என்று அழுத்தினார். "நோவுது உம்மா" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நோவு தெரிவதும் ஒரு நிஃமத்துத்தானே.

பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஓடுறாக்கள்ல வயசான பொம்புளைகளும் இருந்தாங்களா?" அந்தச் சிங்கள அம்மாவைப் பற்றிச் சொன்னேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நான் சுபஹ் தொழுதுவிட்டுக் கதவைத் திறந்த போது, கிளினிக்கில் கொடுத்த மெத்தைச் சப்பாத்தைப் போட்டுக் கொண்டு படியில் நின்றார். "கேட் மட்டும் வாறன்" என்றார். கேட் வரை போனோம். இப்போது மூன்றாவது விளக்குக் கம்பம் வரை போகிறார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு கால்களையும் நான் பார்க்கிறேன்.

சகோதரிகளே! எல்லோரும் அரை மரதன் ஓட வேண்டியதில்லை. வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடமாவது உடலை மிதமாக இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. வேக நடையும் அதில் சேரும். தொடங்குபவர்கள் சிலவற்றைக் கவனத்தில் வையுங்கள்.

சீனி வருத்தம், பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். சீனி மருந்து எடுப்பவர்கள் கையில் இனிப்பு வைத்திருங்கள். ஓடும் போது சீனி திடீரென இறங்கலாம். நெஞ்சு நோவோ தலைச் சுற்றோ வந்தால் உடனே நிறுத்துங்கள். ஓடும் போது பாதம் வீங்கும் என்பதால் சப்பாத்து முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் விட்டு இருக்கட்டும். தலைக்குப் பருத்தியை விட, வியர்வையைப் பிடித்து வைக்காத மெல்லிய துணி நல்லது. உராயும் இடங்களில் வஸ்லின் பூசுங்கள். தாகத்துக்கேற்பக் குடியுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவே ஆபத்தாகும். நீண்ட ஓட்டத்துக்கு ஜீவனி கரைத்த தண்ணீர் உதவும். ஓட்ட நாளன்று புதுச் சப்பாத்தும் புது உடுப்பும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் கேளுங்கள். நம் உடலுக்கும் நம் மீது உரிமை இருக்கிறது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அந்த உரிமையைக் கொடுக்க ஒரு மணித்தியாலம் தேவை. கேட்டால்தான் கிடைக்கும். உம்மாவுக்காக அதைப் பதினெட்டு வருடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நம் எல்லோருக்கும் அல்லாஹ் உடல் சுகத்தையும், அதைப் பேணிக் கொள்ளும் மனதையும் தந்தருள்வானாக. ஆமீன்.