உடைந்த காலும் 250 வாட்டும்

ஒரு மனிதருக்கு விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தகடு, திருகு எல்லாம் வைத்து, மாதக்கணக்கில் படுக்கையில் போட்டு, ஒரு வழியாக எழுப்பி விடுகிறார்கள். நடக்கிறார். ஆனால் தெருமுனையைத் தாண்டினால் வலி. கடைக்குப் போக ஒருவர், ஆஸ்பத்திரிக்குப் போக ஒருவர் என்று எதற்கெடுத்தாலும் துணை தேவைப்படுகிறது. விபத்துக்கு முன்னால் சைக்கிள் ஓட்டிப் பழகிய ஆள். யாரோ ஒரு எலக்ட்ரிக் சைக்கிளைக் காட்டுகிறார்கள். வாங்குகிறார். ஒரு நாள் காலை யாரையும் கேட்காமல் தானே போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வருகிறார்.

அந்தப் பால் பாக்கெட்டின் விலையை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

கதை இதோடு நிற்பதில்லை. அடுத்த சில மாதங்களில் அதே மனிதர் "இன்னும் கொஞ்சம் பவர் இருந்தால் நன்றாக இருக்குமே" என்று ஆரம்பிக்கிறார். பெரிய கன்ட்ரோலர், அதிக வோல்ட் பேட்டரி, வலுவான மோட்டார் என்று விசாரிக்கிறார். வீட்டில் திட்டு விழுகிறது. "ஒரு தடவை பட்டது போதாதா?"

இதில் யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் இருக்கிறது என்று சொன்னால் பட்டிமன்ற நடுவர் தீர்ப்பு மாதிரி இருக்கும். ஆனால் விஷயம் அப்படித்தான். பவர் கேட்பது நியாயம். வேகம் கேட்பது நியாயமில்லை. இரண்டும் ஒன்று என்று அவரும் நினைக்கிறார், திட்டுகிறவர்களும் நினைக்கிறார்கள். குழப்பமே அங்கேதான்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஐரோப்பிய யூனியனில் மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதற்குள் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் நிற்க வேண்டும். இந்தியாவிலும் ஏறக்குறைய இதே எல்லைதான். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருந்தால் அது மோட்டார் வாகனம் இல்லை. லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் கை தாராளம். 2002-ல் வந்த மத்திய சட்டம் 750 வாட்டுக்கு உள்ளே, மோட்டாரில் மட்டும் ஓடினால் மணிக்கு 20 மைலுக்கு (சுமார் 32 கிலோமீட்டர்) உள்ளே இருந்தால் அதைச் சைக்கிள் கணக்கில் சேர்த்தது.

ஒரே சைக்கிள், ஒரே மனிதக் கால். ஒரு ஊரில் 250, இன்னொரு ஊரில் 750. ஏன் இந்த வித்தியாசம்?

இதற்குக் கூட்டு வியாபாரக் கணக்கு ஒன்று உதவும். எலக்ட்ரிக் சைக்கிள் என்பது இரண்டு பங்காளிகள் நடத்தும் கடை. ஒரு பங்காளி மோட்டார், இன்னொரு பங்காளி கால். ஆரோக்கியமான சாதாரண ஆள் நீண்ட நேரம் மிதித்தால் 100 வாட் சுற்றுவட்டாரத்தில் தன் பங்கைப் போடுவார். ஐரோப்பியச் சட்டத்தின் 250 வாட் என்பது கடையின் மொத்த முதல் இல்லை. கால் தன் பங்கைப் போடும் என்ற நம்பிக்கையில் மோட்டார் போடும் பங்கு மட்டும்தான் அது.

இப்போது காலுக்கு அடிபட்டுவிட்டது. ஒரு பங்காளியால் முதல் போட முடியவில்லை. கடை நடக்க வேண்டுமென்றால் மற்றவர்தான் கூடுதலாகப் போட வேண்டும். இதில் பேராசை எங்கே இருக்கிறது?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ. எதிரே 8 சதவீத ஏற்றம், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் மேடு. அதில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே சுமார் 325 வாட் வேண்டும். கால் 100 போட்டால் 250 வாட் மோட்டாரை வைத்து ஏறிவிடலாம். கால் எதுவும் போடவில்லை என்றால் வேகம் 11 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். மேடு இன்னும் செங்குத்தாக இருந்தால் வண்டி தள்ளாடி நடுவழியில் நிற்கும். நின்ற வண்டியிலிருந்து சட்டென்று கால் ஊன்ற வேண்டிய நிலை, அடிபட்ட காலுக்குத்தான் வரும். 25 கிலோ வண்டியின் பாரமும் அந்தக் காலில்தான் சாயும். (250 வாட் முத்திரை குத்திய மோட்டார்களில் பல, கொஞ்ச நேரத்துக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தரும். ஆனால் அதற்கும் காலை அழுத்தி மிதிக்க வேண்டும்.)

ஆக, காயப்பட்டவர் பவர் கேட்பது பறப்பதற்கு இல்லை, விழாமல் இருப்பதற்கு. இது முதல் பாதி.

இரண்டாம் பாதிதான் கசப்பு. மோட்டாரைப் பெரிதாக்கியவர்களில் எத்தனை பேர் மேட்டோடு நிறுத்திக்கொள்வார்கள்? 500 வாட் வந்ததும் 35 கிலோமீட்டரில் போய்ப் பார்க்கத் தோன்றும். 35 பழகியதும் 50 ஆசை வரும். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவருக்கு முகத்தில் காற்று அடிப்பதே பெரிய சுகம். ஆசை யாரை விட்டது!

ஆனால் இயற்பியலுக்கு யாருடைய சோகக் கதையும் தெரியாது. 25 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது சுமார் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 50 கிலோமீட்டரில் மோதினால்? இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. ஏறக்குறைய 10 மீட்டர். மூன்றாவது மாடியிலிருந்து குதிப்பது போல. ஏற்கெனவே தகடு வைத்த எலும்பு அது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், மற்றவருக்குச் சின்ன அடி அவருக்குப் பெரிய ரத்தக்கசிவு. "ஒரு தடவை பட்டது போதாதா" என்ற வீட்டுக்காரர்களின் திட்டில் இந்தக் கணக்கு முழுக்க அடங்கியிருக்கிறது. அவர்களுக்குச் சூத்திரம் தெரியாது, அவ்வளவுதான்.

"என் உயிர், என் இஷ்டம்" என்று சொல்லலாம். எதிரே ரோட்டைக் கடக்கும் பாட்டி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லையே.

இன்னொன்றும் உண்டு. காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான சக்தி, வேகம் இரட்டிப்பானால் எட்டு மடங்காகும். மேடு ஏற வேண்டியது சில நூறு வாட் கூடுதல்தான். 50 கிலோமீட்டரில் பறக்க வேண்டுமானால் மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர், வயர் எல்லாமே வேறு ஜாதி. செலவும் வேறு ஜாதி. தேவைக்கு வாங்கும் பவர் மலிவு. ஆசைக்கு வாங்கும் பவர் விலை அதிகம்.

அப்படியானால் எதை மேம்படுத்துவது? எல்லாரும் முதலில் கை வைப்பது கன்ட்ரோலரில். அது கடைசியில் வர வேண்டியது.

முதலில் வர வேண்டியது பிரேக். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், அதோடு பிரேக்கைத் தொட்டதும் மோட்டாரை அணைக்கும் சுவிட்ச். இரண்டாவது, உடம்புக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பவை. தாண்டி ஏறத் தேவையில்லாத தாழ்ந்த பிரேம். முழங்கால் முழுதாக மடங்காதவருக்குக் குட்டையான கிராங்க்; பெரும்பாலான சைக்கிளில் இருக்கும் 170 மில்லிமீட்டருக்குப் பதில் 150 போட்டாலே கால் மடங்க வேண்டிய அளவு குறைகிறது. சென்சாரையும் பார்க்க வேண்டும். சிலது எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்று அளக்கும், சிலது பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். வலுவில்லாத காலுக்கு இரண்டாவது ரகம்தான் தோது. பேலன்ஸே பிரச்சினை என்றால் மூன்று சக்கரம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது பேட்டரி. இங்கே சிக்கனம் பார்ப்பது ஆபத்து. நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறை கணக்கில், 2023-ல் மட்டும் லித்தியம் அயன் பேட்டரிகளால் 268 தீ விபத்துகள், 18 சாவுகள். அதனால்தான் அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து, பாதுகாப்புத் தரச் சான்று இல்லாத எலக்ட்ரிக் சைக்கிளையும் பேட்டரியையும் அங்கே விற்கக்கூடாது என்று சட்டம் வந்தது. எங்கிருந்தோ பிடுங்கிய செல்களைச் சேர்த்துக் கட்டிய மலிவு பேட்டரியை, ராத்திரி படுக்கையறை வாசலில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது யாருக்குமே ஆபத்து. கால் சரியில்லாதவருக்கு இரட்டை ஆபத்து. தீப்பிடித்தால் மற்றவர்கள் ஓடுவார்கள். அவர்?

இத்தனையும் முடிந்த பிறகு கன்ட்ரோலருக்கு வரலாம். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 15 ஆம்பியருக்குப் பதில் 25 ஆம்பியர் அனுப்பினால் வயரிலும் மோட்டார் சுருளிலும் உண்டாகும் சூடு கிட்டத்தட்ட 2.8 மடங்கு. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வண்டியாக இருந்தால், அதிகமான முறுக்கு விசை அச்சையே பிரேமிலிருந்து பிடுங்கிவிடும். அதைத் தடுக்க டார்க் ஆர்ம் என்று ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கிறது. மொத்தச் செலவில் மிகச் சிறிய ஐட்டம், ஆனால் விட்டுப்போனால் முன் சக்கரம் ஓட்டத்திலேயே கழன்று போகலாம். பவரைக் கூட்டிவிட்டு, 25 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டை அப்படியே விட்டு வைப்பதுதான் நேர்மையான மேம்படுத்தல்.

சரி, அந்த நேர்மைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? பல ஊர்களில் இல்லை. அதுதான் வருத்தம். பிரிட்டனில் 250 வாட்டை 500 ஆக்கலாமா, மிதிக்காமல் ஓட்டும் த்ராட்டிலை அனுமதிக்கலாமா என்று 2024-ல் அரசே மக்களிடம் கருத்துக் கேட்டது. பிறகு மாற்றம் வேண்டாம் என்று விட்டுவிட்டது. எல்லாருக்கும் திறந்துவிடப் பயந்தது நியாயமாக இருக்கலாம். மிதிக்க முடியாதவர்களுக்கு மட்டுமாவது எளிதாக ஒரு ஜன்னலைத் திறந்திருக்கலாமே.

அமெரிக்காவில் வேறு கதவு ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் 2011-ல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, நடமாட்டக் குறைபாடு உள்ளவர் பயன்படுத்தும் மோட்டார் வண்டியை, அது அவர்களுக்கென்றே செய்யப்பட்டதாக இல்லாவிட்டாலும், பொது இடங்களில் அனுமதிக்கத்தான் வேண்டும். பாதுகாப்புக்கு ஒத்து வராது என்று காட்டினால்தான் மறுக்கலாம். அப்படி முடிவு செய்யும்போது பார்க்கச் சொல்பவை வண்டியின் ரகம், எடை, அளவு, வேகம், அங்கே நடமாடும் கூட்டம். உடம்பில் என்ன குறை என்று குடைந்து கேட்கவும் கூடாது. இது 50 கிலோமீட்டரில் பறக்க லைசென்ஸ் இல்லை. ஆனால் கேள்வி சரியான இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது: இந்த மனிதர் இங்கே எப்படி வந்து போவார்?

நம் ஊருக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரைப் பார்க்காத தெரு தமிழ்நாட்டில் ஏது? அரசே மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் கொடுக்கிறது. யாரும் "இவருக்கு எதற்கு இவ்வளவு பவர்" என்று கேட்பதில்லை. அந்த எஞ்சின்தான் அவருடைய கால் என்று ஊருக்குப் புரிந்திருக்கிறது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும், லைசென்ஸ் வகையில் இருந்த 'இன்வேலிட் கேரியேஜ்' என்ற பழைய பெயரை நீக்கி 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று மாற்றியது. ஆனால் அதே சட்டம், அனுமதியில்லாமல் வாகனத்தை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்கிறது. 250 வாட் சைக்கிளில் திருட்டுத்தனமாகப் பவர் ஏற்றினால் அது மோட்டார் வாகனம் ஆகிவிடும். பதிவும் இருக்காது, இன்சூரன்ஸும் இருக்காது. யார் மேலாவது மோதினால் முழு நஷ்ட ஈடும் சொந்தப் பையிலிருந்துதான். மருத்துவச் செலவில் ஏற்கெனவே காலியான பை அது.

வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. வேகம் எல்லாருக்கும் ஒன்று, 25 என்றால் 25. வாட் மட்டும் ஆளைப் பொறுத்தது. மிதிக்க முடியாது என்று மருத்துவர் சான்று தந்தால் கூடுதல் பவரும் த்ராட்டிலும் சட்டப்படியே கிடைக்க வேண்டும். தெரிந்த மெக்கானிக் கையால், பிரேக்கோடு சேர்த்துப் பொருத்தப்பட வேண்டும். தடை செய்தால் ஆசை போகாது, அது கொல்லைப்புறத்தில் போய் ஒளிந்துகொள்ளும்.

அந்த மனிதரும் தன் பங்குக்கு ஒன்று செய்ய வேண்டும். காயத்தைக் காட்டி வாங்கிய பவரை வேகத்தில் செலவழிக்கக் கூடாது. ஒவ்வொரு முறை இப்படி ஒருவர் 50-ல் போய் மோதும்போதும், அடுத்து வரும் சட்டத்தில் அடிபடுவது மேடு ஏற முடியாமல் நிற்கும் இன்னொருவர்தான்.

பால் வாங்கப் போனவர் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும். மோட்டார் எத்தனை வாட்டாக இருந்தாலும் அதன் வேலை அதுதான்.